ஒரு சாண் லாரி

தம்பி வந்து உட்கார்ந்தால் அவன் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அக்காவுக்குப் பழகிப்போன ஒன்று. சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான். பசிக்கிறது என்று சொல்வதற்குக்கூட வாசலில் நின்று தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையும் வந்து, அவளுடைய வேலை மேசைக்கு எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த பொடித் திருகாணிகளை விரலால் ஒரு குவியலாகச் சேர்ப்பதும் கலைப்பதுமாக இருந்தான். அவள் ஒரு குட்டி பஸ்ஸின் அடித்தட்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். ஈயம் ஆறும்வரை இருவரும் பேசவில்லை. ஆறிய பிறகும் பேசவில்லை.

அவன் எதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். சில வாரங்களாக அந்தக் குடும்பத்தில் வேறு பேச்சே கிடையாது.

தம்பி ஓட்டுவது நீள ட்ரெய்லர் லாரி. இழுக்கிற முன்வண்டி தனி, சரக்கைச் சுமந்து பின்னால் வருகிற ட்ரெய்லர் தனி. சலவைக் கம்பெனி முனையில் அவன் இடப்பக்கம் திரும்பியபோது ட்ரெய்லரின் கடைசிச் சக்கரங்கள் நடைபாதைமேல் ஏறிவிட்டன. வேலை முடிந்து சைக்கிளைப் பிடித்தபடி சாலையைக் கடக்க நின்றிருந்த ஒரு பெண், லாரிக்கும் நடைபாதையின் இரும்புக் கம்பித் தடுப்புக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

நீள லாரி திரும்பும்போது ட்ரெய்லர் முன்வண்டி போன வழியிலேயே வராது; உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். அதனால் ஓட்டுகிறவன் நடைபாதையை ஒட்டிய உள்தடத்தை விட்டு வெளித்தடத்துக்குப் போய், அகலமாக எடுத்துத்தான் திரும்ப வேண்டும். அப்படித்தான் எடுத்தேன் என்றான் தம்பி. எப்படி எடுத்தாலும் அந்த முனையில் சக்கரம் ஏறத்தான் செய்யும், முனையைக் கட்டினவன்மேல்தான் தப்பு என்றான். உள்தடத்திலிருந்தே ஒடித்துத் திருப்பியிருக்கிறான் என்றது போலீஸ். பார்த்தவர் என்று யாரும் இல்லை. பார்த்த ஒருத்தி உயிரோடு இல்லை. வெளித்தடம் என்று முடிவானால் தம்பி வீட்டுக்குப் போவான். உள்தடம் என்றால் சிறைக்குப் போவான். விஷயம் அவ்வளவுதான்.

கடைசியில் தம்பி திருகாணிகளை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"அக்கா, அந்த முனைய ஒரு பலகைல பண்ணி, ஒரு லாரியும் பண்ணித் தர்றியா? ரிமோட்ல ஓடற மாதிரி. வக்கீல் கேக்கறாரு. படம் போட்டுக் காட்டினா அவங்களுக்குப் புரிய மாட்டேங்குதாம்."

அவள் சரி என்றாள். யோசிக்க அதில் ஏதும் இருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா என்று அவளைக் கூப்பிட உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான். ஆனால் அவள் வேலை பார்க்கும் காது மெஷின் கடையில் முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். ஞாயிறு மாலைகளில் பொம்மை வண்டிக்காரர்கள் கூடுகிற கூடத்திலும் அப்படியே. அங்கே வருகிற பழைய கிரேன் ஆபரேட்டர், அவளைவிட நல்ல மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "எல்லாரும் ஓசில அக்கா கிடைச்சா விடுவாங்களா" என்று தம்பி கேலி செய்வான்.

காதுக்குள் வைக்கிற மெஷினைப் பழுது பார்த்த கைக்கு, பொம்மை வண்டிக்குள் ரேடியோ வைப்பது பெரிய காரியமில்லை. முடியைவிட மெல்லிய கம்பியும், தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியும், ஊசிமுனை இடுக்கியும் அவளிடம் ஏற்கனவே இருந்தன. கடையில் விற்கிற ஒரு சாண் லாரியை வாங்குவாள். ஓடாது, திரும்பாது, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற சாதி. அதன் வயிற்றைக் குடைந்து விரல் நகம் அளவு ரிசீவரை வைப்பாள். டீசல் தொட்டிக்குள் பேட்டரி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார், பின் அச்சில் ஓட்டுகிற மோட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் கிரேன்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

ஆனால் மற்றவர்கள் அவளை மதித்தது வேறொன்றுக்காக. கூடத்தில் பலகைகளைச் சேர்த்துப் போட்டிருக்கும் தெருக்கள் குறுகலானவை. நிஜ லாரியின் சக்கரம் எவ்வளவு ஒடியுமோ அவ்வளவே ஒடிகிற பொம்மை லாரி அங்கே முதல் முனையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் எல்லோருமே கொஞ்சம் ஏமாற்றுவார்கள். மட்கார்டை உள்பக்கம் ராவி, அடித்தட்டைச் செதுக்கி, முன்சக்கரம் கூடுதலாக ஒடிய இடம் பண்ணுவார்கள். அக்காவின் கை அதில் தேர்ந்த கை. சக்கரம் ஓர் அளவுக்கு மேல் ஒடியாமல் தடுக்கிற முளையையே அரம் போட்டு எடுத்துவிடுவாள். "அக்கா வண்டி சாப்பாட்டுத் தட்டுக்குள்ளயே யூ டர்ன் அடிக்கும்" என்பார் கிரேன்காரர். ஒரு தடவை தம்பி வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஒரு லாரி எனக்குக் குடுத்தா காலம் பூரா உன் பேரைச் சொல்லிட்டே ஓட்டுவேன் என்றான்.

இந்த லாரியையும் அவள் அப்படித்தான் செய்தாள். முனையின் அளவுகளை வக்கீல் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தடத்துக்கு மூன்று விரல் அகலம் வந்தது. நடைபாதை விளிம்பை அட்டையில் வெட்டினாள், கம்பித் தடுப்பைக் குண்டூசிகளால் செய்தாள். முன்வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் உள்ள தூரம், அச்சுகளின் இடைவெளி எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்தாள். ஒன்றைத் தவிர. அரத்தை எடுத்து அந்த முளையை ராவியபோது அவள் மனம் வேறெங்கோ இருந்தது. பல் துலக்குகிறபோது துலக்குகிறோம் என்ற நினைப்பா வருகிறது?

அந்த நாட்களில் தம்பி அடிக்கடி வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்ப்பான். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். முளையை ராவின அன்றும் அவன் எதிரில்தான் இருந்தான். பித்தளைத் தூள் அவன் கைமேல் தெறித்தது. அதை அவன் ஊதித் தள்ளினான்.

விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேசையும், கதவு சரியாக மூடாத இரும்பு அலமாரியும், ஒரு பக்கமாகத் தலை சாய்த்துச் சுற்றுகிற மின்விசிறியும் இருந்தன. விசாரணை அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, பொம்மையெல்லாம் எதற்கு என்று முனகினார். பலகையை மேசைமேல் வைத்தவுடன் எழுந்து வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் முட்டியை மடக்கி, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, சிறுபிள்ளைபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ரிமோட்டைப் பிடித்தாள். லாரி வெளித்தடத்தில் ஊர்ந்து வந்தது, முனையில் சக்கரத்தை ஒடித்துத் திரும்பியது. முன்வண்டி சுத்தமாகப் போயிற்று. ட்ரெய்லர் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வந்து, கடைசிச் சக்கரம் அட்டை விளிம்பில் ஏறி இறங்கியது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார் அதிகாரி. மறுபடியும் ஏறியது. அவரே ரிமோட்டை வாங்கி ஓட்டிப் பார்த்தார். அப்போதும் ஏறியது. முறையாக வந்தாலும் ஏறத்தான் செய்கிறது என்று தன் குறிப்பாளரிடம் சொன்னார். வக்கீல் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தம்பி மட்டும் பலகையைப் பார்க்கவே இல்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், பார்க்க மனம் வரவில்லை என்று அக்கா நினைத்தாள்.

சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவர் அப்போது எழுந்து வந்தார். இறந்தவளின் கணவர். பெயின்டர், நகக்கண்களில் வெள்ளை வர்ணம் ஒட்டியிருந்தது. பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல என் வீட்டுக்காரி எங்க நிக்கறா?" என்று கேட்டார்.

வக்கீல், உருவம் எதுவும் தேவைப்படவில்லை, வண்டியின் போக்கைக் காட்டுவதற்குத்தான் இது என்று விளக்கினார். பெயின்டர் அவரைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தார்.

"பண்ணலைங்க" என்றாள் அவள்.

"பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்." ஒரு அலமாரிக்கு இன்னொரு தட்டு வைத்திருக்கலாம் என்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிவை அடுத்த அமர்வில் சொல்வதாகக் கூறி அதிகாரி தும்மினார். வாசலில் தம்பியின் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்காவுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு பெண்ணைச் செய்துகொண்டிருந்தாள். அரைக் கட்டைவிரல் உயரம். பழைய காது மெஷினின் சுருளிலிருந்து எடுத்த கம்பியில் சைக்கிள் சக்கரத்தின் ஆரங்கள். முகம் வைக்க முடியாது. அந்த அளவில் முகம் ஒரு புள்ளி. ஆனாலும் எந்தப் பக்கம் பார்த்து நின்றாள், சைக்கிளை எந்தக் கையில் பிடித்திருந்தாள் என்பது தெரியாமல் கை ஓடவில்லை. நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தாலாவது ஏதாவது பிடிபடும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக் கம்பெனி முனைக்குப் போனாள்.

கம்பெனிச் சுவரின் ஓட்டைகளிலிருந்து நீராவி வந்துகொண்டிருந்தது. கம்பித் தடுப்பில் ஒரு துண்டு மட்டும் புதிது. மற்றவை மங்கியிருக்க அது பளபளத்தது. அதன் கீழே விளிம்புக் கல்லில் ஒரு கறுப்புத் தழும்பு. அக்கா அதைக் குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு தழும்பு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கல் முனை மழுங்காமல், வைத்த அன்று இருந்ததுபோல் கூராக இருந்தது.

ஒரு ட்ரெய்லர் வந்தது. பின்னுக்கு நகர்ந்து நின்றாள். வெளித்தடத்திலிருந்து அகலமாக எடுத்துத் திரும்பியது, கடைசிச் சக்கரம் கல்லைத் தொடாமல் போயிற்று. அடுத்தது வந்தது. அதுவும் தொடவில்லை. அந்தச் சாலையில் நாள் பூராவும் ட்ரெய்லர்தான். எந்த வண்டியும் கல்லைத் தொடவில்லை. அப்புறம் அவள் பின்சக்கரத்தைப் பார்ப்பதை விட்டு முன்சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கிறார்கள். சக்கரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போகாது. போகவே போகாது. நிஜ லாரியின் வயிற்றில் யாரும் அரம் போடுவதில்லை.

கடைக்குத் திரும்பி அன்று மாலைவரை யார் என்ன கேட்டாலும் ஒரு நொடி கழித்தே பதில் சொன்னாள்.

வீட்டில் லாரியைக் கவிழ்த்து வைத்து, ராவி எடுத்த முளை இருந்த இடத்தில் பித்தளைத் துண்டு ஒன்றை ஈயம் வைத்து நிறுத்தினாள். நிஜ வண்டியில் சக்கரம் எங்கே நிற்குமோ அங்கே. பலகையில் வைத்து வெளித்தடத்தில் ஓட்டினாள். லாரி பெரிய வளைவாக எடுத்துத் திரும்பியது. கடைசிச் சக்கரம் விளிம்பை ஒட்டிப் போயிற்று, தொடவில்லை. பேட்டரி இறங்கியிருக்குமோ என்று மாற்றினாள். மேசை சாய்ந்திருக்குமோ என்று காலுக்கடியில் அட்டை வைத்தாள். ரப்பர் டயரைத் துடைத்தாள். எதையாவது குற்றம் சொல்ல முடிந்தால் போதும் என்றிருந்தது. எதன்மேலும் குற்றம் இல்லை. கடைசியாக, வேண்டாவெறுப்பாக, உள்தடத்தில் வைத்து ஓட்டினாள். சக்கரம் ஏறியது. கல்லில் தழும்பு எங்கே இருந்ததோ, அட்டையில் அதே இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது, முடி வெட்டியிருந்தான். அவள் லாரியை வெளித்தடத்தில் வைத்து, ரிமோட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"ஓட்டிப் பாருடா."

அவனுக்கு அது விளையாட்டாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். வாங்கி, லாரியை மெல்ல நகர்த்தினான். முனை வந்ததும் சக்கரத்தை ஒடித்தான். ஓர் இடத்தில் சக்கரம் நின்றுகொண்டது. அவன் கை தயங்கவில்லை. நிஜ வண்டியில் செய்வதுபோலவே சற்று முன்னே போகவிட்டு, தாமதமாக, பெரிதாக எடுத்தான். ட்ரெய்லர் விளிம்பை உரசாமல் வழுக்கிப் போயிற்று. அவன் முகம் மலர்ந்தது.

"இப்பதான்க்கா நிஜ வண்டி மாதிரி இருக்கு" என்றான்.

சொன்னது அவன் காதில் விழ ஒரு கணம் பிடித்தது. பிறகு ரிமோட்டை மேசைமேல் வைத்தான், சத்தம் வராமல்.

தெருவில் யாரோ தகர ஷட்டரை இழுத்துத் திறந்தார்கள்.

"அன்னிக்கு விசாரணைல ஓடினது?" என்று அக்கா கேட்டாள்.

"அது லாரி இல்லக்கா. அப்படித் திரும்பற லாரி உலகத்துலயே கிடையாது."

"தெரிஞ்சும் உக்காந்திருந்த."

"ம்."

"என்கிட்ட வந்து கேட்டதே அதுக்குத்தானா?"

அவன் திருகாணிகளைத் தேடி மேசைமேல் கை வைத்தான். அன்று மேசையில் ஒன்றும் இல்லை. "உன் வண்டி தட்டுக்குள்ள திரும்பும்னு ஊருக்கே தெரியுமே" என்றான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. அந்த முனையில் என்னதான் நடந்தது என்று கேட்டாள்.

"வெளிப்பக்கம் ஒரு சிமென்ட் வண்டி நின்னுச்சு. அது நகரட்டும்னு இருந்திருக்கலாம். தெனமும் இருக்கறதுதான். அன்னிக்கு இருக்கல. அந்த வண்டிக்காரன் பின்னால நடந்ததப் பாக்காமலே நேரா போயிட்டான்."

"அவசரமா?"

"ஒரு அவசரமும் இல்ல. அதான்க்கா. காரணம்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. தூக்கம் இல்ல, குடி இல்ல, ஃபோன் இல்ல. சும்மா ஒடிச்சேன்."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். வெளியே பார்த்தபடியே மற்றதைச் சொன்னான். "நீ போய்ச் சொன்னா நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நானா வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். என்னால முடியாது."

"அப்ப என் தலைல கட்டற."

"ஆமா" என்றான் தம்பி.

அடுத்த நாள் அவன் மனைவி காது மெஷின் கடைக்கே வந்துவிட்டாள். எதிரில் ஒரு பெரியவர் புது மெஷினைக் காதில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் அந்த மெஷின் நன்றாகவே வேலை செய்திருக்க வேண்டும். பெரியவரின் முகம் மாறியது.

"அண்ணி, அவரு தூங்கறதே இல்ல. உங்களுக்கு ஏதோ தெரியும்னு மட்டும் எனக்குத் தெரியும். என்ன தெரியும்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நானும் சுமக்கணும். நீங்க ஒருத்தர் சுமந்தாப் போதாதா?"

பெரியவர் மெதுவாகக் கையை உயர்த்தி மெஷினை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த காது படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அக்காவுக்குச் சுமந்துவிடலாம் என்றே அந்த நேரத்தில் தோன்றியது. சிறுவயதிலிருந்து அவன் உடைத்ததையெல்லாம் அவள்தான் ஒட்ட வைத்திருக்கிறாள். இதையும் உள்ளே வைத்து மூடிவிடலாம். வெளியிலிருந்து தெரியாமல் மூடுவதுதானே அவள் கைக்குப் பழக்கம். சிமென்ட் வண்டிக்குப் பின்னால் நிற்காத குற்றத்துக்கு ஒருவனுடைய ஆண்டுகளை எடுத்துக்கொள்வது நியாயமா என்றுகூட யோசித்தாள். அந்த யோசனைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பேச யாரும் இல்லை. வீட்டில் அரைக் கட்டைவிரல் உயரப் பெண் மட்டும் மேசைமேல் சைக்கிளோடு நின்றிருந்தாள்.

அப்படியே நாட்கள் போயிருக்கும். வக்கீல்தான் ஃபோன் செய்தார். உருவம் செய்கிறாள் என்று தம்பியின் மனைவி சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அவர் குரலில் உற்சாகம்.

"நல்ல வேலை பண்ணீங்கம்மா. வைக்கும்போது கொஞ்சம் விளிம்புல நிக்கற மாதிரி வைங்க. ஒரு கால் ரோட்டுல இருந்தாலும் தப்பில்ல. அந்தம்மா ஏன் அங்க போய் நின்னாங்கன்னு ஒரு கேள்வி வரணும், அவ்வளவுதான்."

சரிங்க என்று சொல்லி ஃபோனை வைத்தாள். அதை வைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெண்ணை எடுத்து, கம்பித் தடுப்பை ஒட்டி, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி, பாதங்களில் பசை வைத்தாள். பளபளத்த அந்தத் துண்டுக்கு நேராக. அந்தப் பெண் நின்றது அங்கேதான். பசை காய்ந்ததும் விசாரணை அலுவலகத்துக்குப் போய், முதலில் காட்டியது தப்பு, சக்கரம் நிஜத்தைவிட அதிகமாக ஒடிந்தது, திரும்ப ஓட்டிக்காட்ட வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னாள். அவர் நெடுநேரம் அவளை உற்றுப் பார்த்தார். யாருக்கு அக்கா என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள்.

இரண்டாவது அமர்வுக்கு வந்த வக்கீல் அவளோடு பேசவில்லை. தம்பியின் மனைவி வரவே இல்லை. தம்பி வந்தான். முதல் தடவை உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். பெயின்டர் சுவர் ஓரத்திலிருந்து எழுந்து வந்து பலகைக்கு அருகிலேயே நின்றுகொண்டார். கம்பித் தடுப்புக்கு முன்னால் நின்ற உருவத்தைக் குனிந்து பார்த்தார்.

அக்கா முளையைக் காட்டினாள், ஏன் வைத்தாள் என்பதைச் சொன்னாள். குரல் உடையவில்லை, கடையில் வாடிக்கையாளருக்கு மெஷினைப் பற்றிச் சொல்கிற குரல்தான் வந்தது. லாரியை வெளித்தடத்தில் ஓட்டினாள். தொடாமல் போயிற்று. மறுபடியும் ஓட்டினாள். தொடவில்லை. வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அதிகாரி கையமர்த்தினார்.

"இப்ப உள்பக்கத்துல இருந்து ஓட்டுங்க" என்றார்.

லாரியை எடுத்து உள்தடத்தின் தொடக்கத்தில் வைத்தாள். ரிமோட்டைப் பிடித்தாள். கட்டைவிரல் விசைமேல் இருந்தது. அழுத்த வேண்டியதுதான். விரல் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. மின்விசிறி ஒரு பக்கம் திரும்பிப் போய் மறுபக்கம் வந்தது. அதிகாரி இன்னொரு தரம் சொன்னார். தலையசைத்தாள். விரல் அசையவில்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தம்பி எழுந்து வந்தான். அவள் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டான். பிடுங்கவில்லை, தூங்குகிற ஒருவரின் கையிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தான். வக்கீல், உட்காருங்க, உட்காருங்க என்று பதறினார். தம்பி காதில் வாங்கவில்லை.

லாரி உள்தடத்தில் புறப்பட்டது. அவன் அதை ஓடவிட்ட விதம் அக்காவினுடையதுபோல் இல்லை. முனைக்கு முன் ஒரு கணம் நிறுத்தினான். வெளித்தடத்தில் இல்லாத ஒரு வண்டியைப் பார்ப்பதுபோல் அவன் கண் அந்தப் பக்கம் போய் வந்தது. பிறகு ஒடித்தான். முன்வண்டி எதிர்ப்பக்கத் தடத்தில் மூக்கை நீட்டித் திரும்பியது. ட்ரெய்லர் மெல்லச் சாய்ந்து நடைபாதையை நோக்கி வந்தது. கடைசிச் சக்கரம் விளிம்பில் ஏற, பசை விட்டுப்போய், பெண் சைக்கிளோடு குண்டூசித் தடுப்பில் சாய்ந்தாள். லாரி அவளை அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றது.

"இப்படித்தான்" என்றான் தம்பி.

குறிப்பாளர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். அதிகாரி கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

பெயின்டர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "வேகமா வந்தீங்களா?"

"இல்லீங்க" என்றான் தம்பி. அந்த ஒரு விஷயத்திலாவது அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற அவசரம் அவன் குரலில் இருந்தது. "மெதுவாத்தான். ரொம்ப மெதுவாத்தான் வந்தேன்."

பெயின்டர் தலையை ஆட்டினார்.

"அப்ப அவ பாத்திருப்பா" என்றார்.

தம்பியின் விரல் இன்னும் விசைமேலேயே இருந்தது. லாரியின் பின்சக்கரங்கள் நகர இடமில்லாமல், நின்ற இடத்திலேயே, மெல்லிய சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன.